காற்றும் ஆயுளும்: கந்தக பூமியை முன்வைத்து

மனிதனின் ஆயுளை நிர்ணயிப்பவன் இறைவன் என்பது நம் நம்பிக்கை. ஆயினும், பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவதையும் தர்மமெனக் கற்பித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிநிற்போர், பிறர் ஆயுளைக் குறுக்கும் இடர்கள் எவையென ஆராய்தலும் கடமையே. அவற்றுள் கண்ணுக்குப் புலனாகாத ஒன்று காற்றில் மிதக்கும் நுண்துகள்.

2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்கள் மூக்கில் தடைபடுவதில்லை. நுரையீரலின் ஆழம் வரை சென்று குருதியிலும் கலக்கின்றன. ஒரு கனமீட்டர் காற்றில் இவை 10 மைக்ரோகிராம் கூடி, அந்நிலை நீடிக்குமாயின், சராசரி ஆயுளில் ஏறத்தாழ ஓராண்டு குறையுமெனச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர் கணிக்கின்றனர். இக்கணிப்பு பிறந்த வரலாறு வியப்பிற்குரியது. சீனத்தில் ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே வாழ்வோர் குளிர்காய அரசு இலவசமாக நிலக்கரி வழங்கியது. அதன் புகையால் வடபுலத்தார் தென்புலத்தாரினும் சுமார் மூன்றாண்டு குறைவாக வாழ்ந்தனர் என்று 2017இல் வெளியான ஆய்வு கண்டது. நலம் கருதிச் செய்த செலவே உயிரை அரித்தது! அதே அரசு 2013 முதல் காற்றைத் தூய்மை செய்யப் பெரும்பொருள் செலவிட்டபின், இழந்ததில் ஒரு பகுதி மீண்டுள்ளது. அமெரிக்க நகரங்களிலும், 10 மைக்ரோகிராம் குறைந்தால் ஆயுள் சுமார் 0.6 ஆண்டு கூடுகிறதென 2009இல் ஓர் ஆய்வு காட்டியது.

இனி, நம் மாவட்டத்துச் சிவகாசிக்கு வருவோம். வானம் பொய்த்த கரிசல் பூமி இது. 1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இட்ட வித்தே பின்னர்ப் பட்டாசாகவும் அச்சுத்தொழிலாகவும் கிளைத்தது. மழையின்மையே இத்தொழிலுக்கு வாய்ப்பாயிற்று. வறுமையும் ஆயுளைக் குறைக்கும் நஞ்சே ஆதலின், ஆலைகளை மூடிவிடுக என்று நகரத்திலிருந்து கூறுவோரின் கூற்று எமக்கு உடன்பாடன்று.

23.10.2018இல் உச்சநீதிமன்றம் பேரிய உப்புகளையும் சரவெடியையும் தடைசெய்து, பசுமைப் பட்டாசுக்கு வழிவகுத்தது. பச்சை ஒளி தருவது பேரியம் நைட்ரேட். அதற்கு மாற்றுக் காண்பது எளிதன்று. நாக்பூர் நீரி நிறுவனம் வகுத்த புதிய கலவைகள் துகள்களைச் சுமார் 30 விழுக்காடு குறைப்பன என்பர். நன்று. ஆனால் இக்குறைவு யாருக்கு? வெடிப்பவருக்கும் அவர் தெருவுக்கும். தீபாவளிப் புகை ஓரிரவில் எழுந்து சில நாளில் அடங்குவது. கலவை அறையிலும் மருந்து செலுத்தும் அறையிலும் அமர்ந்திருப்பவருக்கோ அலுமினியத் தூளும் கந்தகமும் ஆண்டு முழுவதும் உடன் உறைவன. மாலையில் வெள்ளி பூசிய முகத்துடன் வீடு திரும்பும் அவரது மூச்சினை ஊர்க்காற்றை அளக்கும் எந்தக் கருவியும் அளப்பதில்லை.

மற்றொரு மரணம் உண்டு, அது காத்திருப்பதில்லை. 05.09.2012இல் முதலிப்பட்டி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரும் உராய்வினால் நேரும் வெடிவிபத்துகள் ஓயவில்லை. ஒவ்வொரு முறையும் நிவாரணத் தொகை அறிவிக்கப்படுகிறது. கொடுக்க வேண்டியதே, எனினும் இறந்தபின் தரும் பணம் எவரது ஆயுளையும் ஒரு நாளும் நீட்டுவதில்லை.

செலவு முன்னதாக நிகழ வேண்டும். தூளை உறிஞ்சி வெளியேற்றும் காற்றமைப்பு, தரமான முகக்கவசம், குளித்து உடைமாற்ற இடம் ஆகியவை பெருந்தொகை கேட்பன அல்ல. ஆனால் இங்கே ஒரு சிக்கல். எண்ணிக்கைக்குக் கூலி பெறுபவர், சித்திரை வெயிலில் மூச்சடைக்கும் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டே வேலை செய்வார். கவசம் அணிந்த நாளில் கூலி குறைகிறதே! ஆகவே கூலி முறையைத் திருத்தாமல் கவசம் மட்டும் வழங்குவது வீண்செலவு. அறைகளை உள்குத்தகைக்கு விடும் வழக்கமும் அவ்வாறே. குத்தகை எடுத்தவர் சில மாதங்களில் போட்ட பணத்தை மீட்க விரைவாரேயன்றி, பாதுகாப்பிற்குச் செலவிட மாட்டார்.

சிவகாசியிலேயே தொழிலாளர் ஈட்டுறுதி மருத்துவமனை உள்ளது. ஆண்டிற்கொரு முறை ஒவ்வொரு தொழிலாளியின் நுரையீரல் திறனையும் அளந்து பதிவுசெய்து வந்தால், பத்தாண்டில் எந்த அறை எவரது மூச்சைக் குறைத்தது என்பது எண்களாகவே தெரியவரும். எந்தச் செலவு பயன் தந்தது என்பதையும் அப்போதுதான் கணக்கிட இயலும்.