பொதிந்த நிரலும் மூலங் காணும் வழியும்

உரை எத்துணை உதவிபுரியினும், ஐயம் எழுந்தவிடத்து மூலபாடத்தை நோக்குதலே கற்பார்க்கு முறையாகும். கணினி நிரல் எழுதுவார்க்கும் இந்நெறி பொருந்தும். இக்காலத்து நிரல்களிற் பெரும்பாலன பிறர் எழுதிய பொதிகள் பலவற்றைத் துணைக்கொண்டே இயங்குவன. அப்பொதியொன்றிலுள்ள செயற்கூற்றின் பெயர்மீது சுட்டியவுடன் அதன் மூலத்தைத் திறந்து காட்டுதல், எடிட்டர் என வழங்கும் நிரற்பதிப்பியின் சிறந்த பணிகளுள் ஒன்று. பொதிகள் சுருக்கி வைக்கப்பட்டவிடத்து இப்பணி தடைப்படுவது ஏன் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

ஜாவாஸ்கிரிப்ற் மொழியைச் சேவையகங்களில் இயக்கும் நோட் என்னும் கருவி 2009 இல் றையன் டால் என்பவரால் வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டில் வந்த என்.பி.எம்., பொதிகளைத் தருவித்து ஒரு கோப்புறையினுள் விரித்து வைக்கும். சிறு நிரலுக்கும் ஆயிரக்கணக்கான கோப்புகள் அங்கே குவிதல் உண்டு. பேஸ்புக் நிறுவனம் 2016 இல் வெளியிட்ட யாண் என்னும் கருவி, 2020 இல் வந்த தன் இரண்டாம் பதிப்பிலே வேறு வழியை இயல்பாகக் கொண்டது. பொதி ஒவ்வொன்றும் விரிக்கப்படாது, ஸிப் என்னும் சுருக்கிய ஒரே கோப்பாகவே இருக்கும். எப்பொதி எங்குளது என்பதைத் தனியோர் அட்டவணைக் கோப்பு உணர்த்தும். இதனாற் கோப்புகளை எழுதும் நேரம் மிஞ்சுவதோடு, தனக்கு வேண்டுமென அறிவியாத பொதியை நிரல் தற்செயலாக எடுத்தாளும் பிழையும் தடுக்கப்படும்.

ஆயின், சுருக்கமே தடைக்குக் காரணமோவெனின், அன்று. 1989 இல் தோன்றிய ஸிப் அமைப்பில் உள்ளுறை கோப்புகள் தனித்தனியே சுருக்கப்படும். அவற்றின் அட்டவணை இறுதியிலே வைக்கப்படும். ஆதலின் முழுவதையும் விரியாது வேண்டிய ஒன்றை மட்டும் எடுத்தல் கூடும். ஜாவா மொழியின் ஜார்க் கோப்புகளும் ஸிப் அமைப்பினவே. அம்மொழிக்குரிய பதிப்பிகள் அவற்றினுட் புகுந்து காட்டுகின்றன.

உண்மைக் காரணம் யாதெனில், ஸிப் கோப்பை ஒரு கோப்புறை போலக் கொண்டு அதனூடே செல்லும் பாதை, பணிசெயல் முறைமைக்குப் பொருளற்றது என்பதே. யாண், நோட்டின் கோப்பு வாசிக்கும் பகுதியைத் திருத்தி அதற்கு அப்பாதையை உணர்த்துகின்றது. நிரல் இயங்கும்போது இடர் இல்லை. பதிப்பியோ வேறாக இயங்குவது; அத்திருத்தம் அதனைச் சென்றடையாது.

மேலும், மூலங் காட்டும் பணியில் இருவர் பங்குகொள்கின்றனர். 2015 இல் மைக்ரோசொப்ற் அறிமுகஞ் செய்த விசுவல் ஸ்ரூடியோ கோட் என்னும் பதிப்பியை எடுத்துக்கொள்வாம். அதிலே பெயரின் இருப்பிடத்தை ஆராய்ந்து கூறுவது ரைப்ஸ்கிரிப்ற் சேவகம். அவ்விடத்தைத் திறந்து காட்டுவது பதிப்பி. சேவகத்திற்கு அட்டவணை தெரியாவிடின், பொதியே இல்லையெனப் பிழை காட்டும். அது தெரிந்தும் பதிப்பிக்கு ஸிப்பினுள் நோக்கத் தெரியாவிடின், முகவரி கிடைத்தும் கதவு திறவாது.

ஆகவே பரிகாரமும் இரண்டாதல் வேண்டும். யாண் வழங்கும் எஸ்.டி.கே. என்னும் துணைக்கருவியை நிறுவி, செயற்றிட்டத்துக்குரிய ரைப்ஸ்கிரிப்ற் பதிப்பைத் தெரிவுசெய்தல் ஒன்று, ஸிப்.எப்.எஸ். என்னும் நீட்சியைப் பதிப்பியிற் சேர்த்தல் மற்றொன்று. ஒன்றைமட்டும் செய்து பயன் காணாதார், குறை எப்பக்கத்தது என முதலில் ஆராய்தல் நன்று. ஒரு பொதியினை மட்டும் விரித்துத் திருத்த வேண்டின் அன்பிளக் என்னும் ஏவல் உண்டு. பழைய கோப்புறை முறைக்கு மீளுதலும் இயலும்.

இவ்வளவும் செய்தபின்னரும் திறப்பது சிலபோது மூலமன்று, வகைகளை மட்டும் கூறும் அறிவிப்புக் கோப்பேயாம். இக்குறை நோக்கி, உண்மை மூலத்தைத் தேடும் தனி ஏவலொன்று 2022 இல் ரைப்ஸ்கிரிப்ற் 4.7 இற் சேர்க்கப்பட்டது.

இடமும் நேரமும் மிஞ்சுதல் நன்றே. எனினும் மூலத்தை எளிதிற் காணமாட்டாத மாணாக்கன், பிறர் சொல்லையே பிரமாணமாகக் கொள்ளப் பழகிவிடுவான். பொதிகளைச் சுருக்கி வைப்போர், அவற்றை வாசிப்பார்க்கு வழியும் அமைத்து வைத்தல் கடனாம்.