‘மே’ படுத்திய பாடு

ஆட்டுக்குட்டி ‘மே’ என்கிறது. ஆங்கிலேயனும் ‘மே’ என்கிறான். குட்டியின் ‘மே’க்குப் பொருள் ஒன்றுதான்: தாயைத் தேடுகிறது. ஆங்கிலத்து ‘மே’க்கோ பொருள் பல. அந்தப் பலவற்றுள் எது எங்களுக்கு என்று கேட்டதற்காகத் தமிழ்நாடு ஒரு காலத்தில் தடியடி பட்டது, சிறை புகுந்தது, குண்டுக்கு மார்பு காட்டியது! ஒரு சிறு சொல் இவ்வளவு பாடு படுத்துமா? படுத்தியது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

பள்ளி வாசலில் சிறுவன் கைகட்டி நின்று “மே ஐ கம் இன் சார்?” என்கிறான். அங்கே ‘மே’ அனுமதி கேட்கிறது. வானம் கறுத்தால் ‘மே’ போட்டுப் பேசுகிறான் வெள்ளைக்காரன். மழை வரலாம், வராமலும் போகலாம். அங்கே அது ஐயம். அதே சொல் வாக்கியத்தின் தலையில் ஏறி நின்றால் ‘வாழ்க’ என்னும் வாழ்த்து! ஒலியில் ஒன்றாயினும் பிறப்பில் வேறான இன்னொரு ‘மே’யும் உண்டு. அது மாதம். அதன் முதல் நாளில்தான் 1923ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றி உழைப்பாளர் திருநாள் கொண்டாடினார். அந்த ‘மே’யில் நமக்கு எந்த ஐயமும் இல்லை!

நம் தமிழில் இந்த வேலையை ‘லாம்’ செய்கிறது. “நீ போகலாம்” என்று அதிகாரி சொன்னால் அனுமதி. “மழை வரலாம்” என்றால் ஐயம். “வா, போகலாம்” என்றால் அழைப்பு. பேச்சில் இதனால் கெடுதி இல்லை. ஆனால், “தீபாவளிக்கு முன் போனஸ் கொடுக்கலாம்” என்று முதலாளி எழுதி நீட்டுகிற தாளை எந்தத் தொழிலாளியாவது ஒப்பந்தம் என்று மடியில் முடிந்துகொள்வானா? “கொடுக்கலாம் அல்ல, ஐயா! கொடுக்கவேண்டும் என்று எழுதுங்கள்” என்பானல்லவா? ஆங்கிலத்தில் அந்த ‘வேண்டும்’ இருக்கிறதே, சட்டக்காரர் அதை ‘ஷல்’ என்பார்கள்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கு இந்த இரண்டும் புதியவை அல்ல. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் 10வது பிரிவு, தகராறை விசாரணைக்கு அனுப்பும் உரிமையை அரசுக்குத் தந்தது. எந்தச் சொல்லால்? ‘மே’யால்! அனுப்பலாம். அனுப்பாமல் கோப்பை உறங்க வைக்கலாம். அதே பிரிவில், பொதுப் பயன்பாட்டுத் தொழிலில் முறைப்படி வேலைநிறுத்த அறிவிப்பு கொடுக்கப்பட்டால், சில விலக்குகள் நீங்கலாக, ‘ஷல்’ என்றிருந்தது. ஆக, சட்டம் எழுதுகிறவனுக்கு இரண்டு சொல்லுக்கும் உள்ள வேறுபாடு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறான்!

இனி மொழிக்கு வருவோம். 1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், இந்தியை ஆட்சிமொழி ஆக்கி, ஆங்கிலத்துக்குப் பதினைந்தே ஆண்டுத் தவணை கொடுத்தது. கெடு 1965 சனவரி 26. 1959இல் பண்டித நேரு, இந்தி பேசாத மக்கள் வேண்டும்வரை ஆங்கிலம் இருக்கும் என்று உறுதி கூறினார். நல்ல வாக்கு. அதைச் சட்டமாக்குகிறோம் என்று 1963இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. மூன்றாவது பிரிவைப் புரட்டினால், கெடுவுக்குப் பிறகும் இந்தியோடு ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்பட... வேண்டும் என்றா இருந்தது? இல்லை. ‘லாம்’! மறுபடியும் அந்த ‘மே’!

இந்த இடத்தில் ‘மே’ என்றாலும் ‘ஷல்’ என்றாலும் ஒன்றே என்று சமாதானம் கூறினார் பண்டிதர். அண்ணா அப்போது மாநிலங்களவையில் இருந்தார். கழகம் கேட்டது எளிய கேள்வி: இரண்டும் ஒன்றே என்றால், ‘ஷல்’ என்றே எழுதிவிடுவதில் என்ன தயக்கம்? விடை வரவில்லை. 1964 சனவரி 25இல் திருச்சியில் சின்னச்சாமி தம்மைத் தீக்கு ஈந்தார். அதே ஆண்டு மே 27இல் நேரு மறைந்தார். வாக்குக் கொடுத்தவர் போய்விட்டார்; சட்டத்திலிருந்த ‘மே’ மட்டும் போகவில்லை! மனிதன் தரும் வாக்குறுதிக்கும் சட்டம் தரும் உறுதிக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக யார் காட்ட முடியும்?

1965 பிறந்தது. மாணவர் பட்டாளம் தெருவுக்கு வந்தது. துப்பாக்கி பேசியது. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவன் இராசேந்திரன் சனவரி 27இல் குண்டுக்கு இரையானான். 1967இல் மக்கள் கழகத்தை ஆட்சியில் அமர்த்தினர். அந்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. இந்தியை ஏற்காத மாநிலத்தோடு மத்திய அரசு நடத்தும் கடிதப் போக்குவரத்துக்கு ஆங்கிலமே என்ற இடத்தில் ‘ஷல்’ வந்தது. தீர்மானங்கள், பொது ஆணைகள், அறிவிக்கைகள் இருமொழியிலும் வரவேண்டும் என்ற இடத்திலும் ‘ஷல்’ வந்தது.

பழைய ‘மே’ ஓடிவிட்டதா? இல்லை; பிரிவின் முகப்பில் இன்றும் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அதற்குப் பூட்டுப் போட்டாயிற்று! இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் தீர்மானம் நிறைவேற்றி, பிறகு நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் நிறைவேற்றினாலன்றி, ஆங்கிலத்தை அகற்ற முடியாது. சாவி நம் சட்டமன்றத்திலும் இருக்கிறது!

சொல்லை மாற்றியதைவிடச் சாவியைப் பெற்றதே பெரிது என்பேன். ஏனெனில் ‘ஷல்’லும் வழுக்கும். அரசு ஊழியர் மீதான நடவடிக்கையில் தேர்வாணையத்தைக் கலந்துகொள்ளவேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 320வது பிரிவில் ‘ஷல்’ போட்டிருந்தும், அது கட்டாயமன்று என்று 1957இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தப் பூட்டும் கல்வெட்டன்று. நாடாளுமன்றம் செய்த சட்டம், நாடாளுமன்றம் திருத்தக்கூடிய சட்டம். காவலன் கண்ணயர்ந்தால் பூட்டு என்ன செய்யும்?

முடிக்குமுன் ஒன்று. ‘மே’க்கு ‘மைட்’ என்றொரு உடன்பிறப்பு ஆங்கிலத்தில் உண்டு. அதற்கு வலிமை என்றும் பொருள். பழைய ஆங்கிலத்தில் ‘மே’யே ‘ஆற்றல் உடையது’ என்ற பொருளில்தான் பிறந்தது. பொருத்தமான பிறப்பு! வலிமையுள்ளவன் வாயில் அது கட்டளை. வலிமையற்றவன் வாயில் அது கெஞ்சல்.

ஆகவே தோழர்களே, ஆலை வாசலில் நீட்டப்படும் தாளானாலும், தலைநகரில் எழுதப்படும் சட்டமானாலும், கையெழுத்துக்கு முன் ‘லாம்’ எங்கே, ‘வேண்டும்’ எங்கே என்று விரல் வைத்துப் படியுங்கள். படித்தபின் ஒன்றுபட்டு நில்லுங்கள். அப்போது நமக்கு முன்னே எந்த ‘மே’யும் ஆட்டுக்குட்டியின் ‘மே’தான்!