பூனைக்குக் குளிசை விற்கும் முன்

அரிசி வியாபாரிக்குப் பூனையின் அருமை தெரியும். மூடைகளை எலியிடமிருந்து காப்பது அதுதானே! எங்கள் கடையின் கூரையை மாற்றியபோது, சத்தத்துக்கு அஞ்சிக் கடுவன் பூனை இறாக்கைக்குக் கீழே ஒளிந்துகொண்டது. பயம்தான் என்றெண்ணி, பிராணிகளுக்கான சாமான் விற்கும் நண்பரிடம் பதற்றம் தணிக்கும் குளிசை கேட்டேன்.

"நானா, நேற்றிலிருந்து அது சிறுநீர் கழித்ததா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. காசை வாங்காமல் மிருக வைத்தியரிடம் அனுப்பிவிட்டார். சிறுநீர்ப் பாதை அடைபட்டிருந்தது. ஆண் பூனையின் உயிரை ஓரிரு நாளில் பறிக்கக்கூடிய நோய் இது. மன அழுத்தமும் இதைத் தூண்டலாமாம்.

அல்ஹம்துலில்லாஹ், பிழைத்தது. வைத்தியர் சொன்ன பிறகே குளிசை வாங்கினேன். பாற்புரதத்திலிருந்து எடுக்கும் அல்பா-காசோசெபைன், தேயிலையிலுள்ள எல்-தியனைன் போன்றவை இவற்றில் உள்ளன. இவை மருந்தல்ல, உணவோடு சேர்ப்பவை; எல்லாப் பூனைக்கும் பலிக்காது. பூனை ஏற்கனவே மனப்பதற்ற மருந்து எடுத்தால், டிரிப்டோபன் கலந்ததை வைத்தியரிடம் கேட்காமல் கொடுக்கக் கூடாது. நாம் விழுங்கும் குளிசைகள் வேண்டவே வேண்டாம். ஒரேயொரு பரசிட்டமோல் பூனையைக் கொன்றுவிடும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாத பூனைக்கும் வைத்தியர்தான் தேவை, குளிசையல்ல.

உண்மையில் எங்கள் பூனைக்கு அதிகம் உதவியது, சத்தம் கேட்காத பின்னறையில் வைத்த வெற்று அட்டைப்பெட்டிதான்.

அன்று நண்பர் விட்டுக்கொடுத்தது ஒரு பெட்டிக் குளிசையின் லாபம். இப்போது பூனைத் தீனியை மாதாமாதம் அவரிடமே வாங்குகிறேன்.