கறுப்புத் திரை மின்சாரத்தை மிச்சப்படுத்துமா?

கைபேசித் திரையைக் கறுப்பாக்கினால் மின்கலம் நெடுநேரம் தாங்கும் என்பார்கள். உண்மையா? விடை, திரையின் வகையைப் பொறுத்தது.

எல்.சி.டி. திரைக்குப் பின்னால் எப்போதும் ஒரு வெள்ளை விளக்கு எரிகிறது. திரவப் படிகங்கள் சன்னல் கதவுபோல அவ்வொளியை மறைப்பதே கறுப்பு. சன்னலைச் சாத்தினால் வெளியே வெயில் குறையுமா? மின்செலவும் அப்படித்தான், குறைவதில்லை.

ஓ.எல்.இ.டி. திரையில் ஒவ்வொரு புள்ளியும் தனி விளக்கு. கறுப்பு என்றால் விளக்கு அணைந்தது என்று பொருள். வெள்ளைக்குச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் எரிய வேண்டும். இவற்றுள் நீலத்துக்கே மின்செலவு அதிகம்.

எவ்வளவு மிச்சமாகும்? ஓ.எல்.இ.டி. கைபேசிகளில் சில செயலிகளை இயக்கி, 2021-இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார் அளந்தனர். வெளிச்சத்தை முழுமையாக வைத்தபோது கறுப்புப் பின்னணியால் சராசரியாக 39 முதல் 47 விழுக்காடு மிச்சம். 30 முதல் 50 விழுக்காடு வெளிச்சத்தில் 3 முதல் 9 விழுக்காடுதான்! ஆகவே வெயிலில் கறுப்பு கைகொடுக்கும். அறைக்குள் வெளிச்சத்தைக் குறையுங்கள். அது இரு வகைத் திரைக்கும் நல்லது.

உங்கள் வீட்டுக் கைபேசி எவ்வகை? இருட்டறையில், வெளிச்சத்தைக் கூட்டி, முழுக்கக் கறுப்பான படமொன்றைத் திறந்து பாருங்கள். திரை மங்கலாக ஒளிர்ந்தால் எல்.சி.டி.; இருளோடு இருளாகிவிட்டால் ஓ.எல்.இ.டி.!