பனிமலைக்கும் ஒரு டைம்டேபிள் உண்டு

ஹோலி முடிந்தால் தில்லியில் ரஜாயை வெயிலில் காயப்போட்டு, மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம். கூலரை இறக்கித் துடைக்க வேண்டுமே என்ற கவலை வந்துவிடுகிறது. அதே மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் காஷ்மீரிலும் இமாசலத்திலும் உயரமான மலைகளில் ஒரு கூட்டம் முதுகில் மூட்டையும் காலில் பலகையுமாக ஏறத் தொடங்குகிறது. அந்தக் கூட்டத்தில் இப்போது நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். என் மகளும் அவர்களில் ஒருத்தி.

சங்கத்தில் சந்திக்கும் நண்பர்கள் சிலர், "என் பையனும் போகிறேன் என்கிறான், அனுப்பலாமா சார்?" என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் பனிச்சறுக்கு வீரன் அல்ல. டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் 35 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். பணியின் கடைசிப் பகுதியில் பனிஹால் - பாராமுல்லா பாதையில் இருந்தபோது பனியோடு பழகினேன். மகள் இதில் இறங்கிய பிறகு, அவள் என்ன செய்கிறாள் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்படிக் கேட்டும் படித்தும் பார்த்தும் அறிந்துகொண்டதை நண்பர்களுக்காக எழுதுகிறேன்.

ஸ்கீ டூரிங் என்றால் என்ன?

பனிச்சறுக்கு என்றதும் நினைவுக்கு வருவது குல்மார்க்கும் சோலாங்கும். ரோப்வேயில் மேலே போய், சறுக்கிக்கொண்டு இறங்கி, மறுபடி வரிசையில் நிற்பது அங்கே வழக்கம். குல்மார்க் கொண்டோலாவின் முதல் கட்டம் 1998-லும், அபர்வாத் மலைத்தோள் வரை செல்லும் இரண்டாம் கட்டம் 2005-லும் இயங்கத் தொடங்கின. சுமார் 2,650 மீட்டர் உயரத்திலிருந்து 3,900 மீட்டருக்கு மேல்வரை உட்கார்ந்தபடியே போய்விடலாம்.

ஸ்கீ டூரிங்கில் ஏறுவதும் சொந்தக் காலால்தான். பலகையின் அடியில் 'ஸ்கின்' என்ற நீண்ட பட்டையை ஒட்டிக்கொள்கிறார்கள். முன்காலத்தில் அது சீல் என்னும் கடல்விலங்கின் தோலாக இருந்தது. இப்போது அங்கோரா ஆட்டின் ரோமத்திலோ நைலானிலோ, அல்லது இரண்டையும் கலந்தோ செய்கிறார்கள். பூனையின் முதுகைத் தலையிலிருந்து வால் பக்கம் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகும். எதிர்ப்பக்கம் தடவினால் ரோமம் தடுக்கும். இந்தப் பட்டையும் அப்படித்தான். பலகை முன்னே நகரும், பின்னே வழுக்காது. ஏறும்போது பூட்ஸின் முன்பக்கம் மட்டும் பலகையோடு பூட்டியிருக்கும், குதிகால் எழும்பும். உச்சியில் பட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்து, குதிகாலையும் பூட்டிக்கொண்டு இறங்குவார்கள். நல்ல பயிற்சி உள்ளவர்கள் ஒரு மணி நேரத்தில் 300, 400 மீட்டர் உயரம் ஏறுகிறார்கள். மூன்று மணி நேரம் ஏறியதை அரை மணியில் இறங்கிவிடலாம்.

இந்தக் கலையின் தாய்வீடு ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலை. பிரான்சின் ஷாமோனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் செர்மாட் வரை, பனியாறுகளின் மேலாகவே போகும் 'ஓட் ரூட்' என்ற வழி மிகவும் பெயர் பெற்றது. 1911-ல் அதை ஸ்கீ அணிந்து கடந்தார்கள். இன்றும் ஆறு, ஏழு நாட்கள் ஆகும் அந்தப் பயணத்துக்கு ஏற்ற காலம் மார்ச் கடைசியிலிருந்து மே தொடக்கம் வரைதான்.

குளிர்காலத்தை விட்டு வசந்தத்தில் ஏன்?

நம்மில் பலருக்கு வரும் சந்தேகம் இது. பனி அதிகமாக இருக்கும் ஜனவரியை விட்டுவிட்டு, உருகத் தொடங்கும்போது போவானேன்?

குளிர்காலத்தில் பனி அடுக்கடுக்காக விழுகிறது. ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு விதம்: ஒன்று அரிசி மாவு போல, இன்னொன்று காற்றில் இறுகிய பாளம் போல, அடியில் ஒன்று சர்க்கரை போல ஒட்டாமல். ஒட்டாத அடுக்கின் மேல் கனமான பாளம் கிடந்தால், ஒரு மனிதர் மேலே நடந்தாலே பாளம் முறிந்து சரிந்துவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

வசந்தத்தில் பகல் வெயில் மேற்பரப்பை உருக்குகிறது. இரவில் அது மறுபடி உறைகிறது. உருகி உறைந்து, உருகி உறைந்து, பல நாட்களில் பனித்துகள்கள் கல்லுப்பு அளவுக்குத் திரண்டு, ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. இதைச் 'சோளப் பனி' என்கிறார்கள். விடியற்காலையில் அது சிமெண்ட் தளம் போல இருக்கும். வெயில் ஏறியதும் மேலே இரண்டு, மூன்று சென்டிமீட்டர் மட்டும் இளகும். அடியில் கெட்டியாகவே இருக்கும். சறுக்குவதற்கு இதைவிடச் சுகமான தளம் கிடையாது என்பார்கள். ஆனால் இந்தச் சுகம் ஒரு சரிவில் ஒன்று, ஒன்றரை மணி நேரம்தான். அதற்குப் பிறகு ஈரம் உள்ளே இறங்கும். ஊறிய ஜவ்வரிசியைப் போலப் பிணைப்பு விட்டுப்போகும். செங்குத்தான சரிவாக இருந்தால் மொத்தமும் கீழே வரும். ஈரப்பனி மெதுவாக வந்தாலும் அதன் கனம் மிக அதிகம். நின்றவுடன் கான்கிரீட் போல இறுகிவிடும்.

எனவே வசந்தகாலப் பனிக்கு ஒரு கால அட்டவணை இருக்கிறது. காலையில் போகவிடும், மதியத்துக்கு முன் வழியை மூடிவிடும்.

தண்டவாளமும் பனியும்

இங்கே என் பழைய தொழில் எனக்கு உதவியது. கோடையில் தண்டவாளம் காற்றின் வெப்பத்தைவிட 15, 20 டிகிரி கூடச் சுட்டுவிடும். அதனால் நாங்கள் காற்றின் வெப்பத்தை நம்ப மாட்டோம். தண்டவாளத்தின் மேலேயே தெர்மாமீட்டரை வைத்துப் பார்ப்போம். பனியில் இதே கணக்கு இரவில் தலைகீழாக நடக்கிறது. வானம் தெளிந்திருந்தால் பனிப்பரப்பு தன் வெப்பத்தை ஆகாயத்துக்கு விட்டுவிட்டு, காற்றைவிடக் குளிர்ந்துபோகும். காற்று பூஜ்யத்துக்கு ஓரிரு டிகிரி மேலே இருந்தாலும் பனி உறைந்துவிடும். மேகம் மூடியிருந்தாலோ, போர்வை போர்த்தியது போல வெப்பம் வெளியேறாது. இரவு குளிராக இருந்ததாகவே நமக்குத் தோன்றும். பனி சரியாக உறைந்திருக்காது.

இன்னொன்றும் உண்டு. பூஜ்ய டிகிரியில் உள்ள ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 80 கலோரி வெப்பம் தேவை. அதுவரை வெப்பம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். தெர்மாமீட்டர் பூஜ்யத்தைவிட்டு நகராது. பனி வலுவிழந்துகொண்டிருப்பதைத் தெர்மாமீட்டர் சொல்லாது. அதனால்தான் அனுபவசாலிகள் காலால் சோதிக்கிறார்கள். விடியலில் பலகையைக் கழற்றிப் பூட்ஸை ஊன்றினால் மேலேயே நிற்க வேண்டும். கெண்டைக்கால் வரை புதைந்தால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது.

திசையையும் பார்க்க வேண்டும். காலைச் சூரியன் முதலில் கிழக்குச் சரிவை இளக்கும், பிறகு தெற்கு, பிற்பகலில் மேற்கு. வடக்குச் சரிவில் குளிர்காலப் பனி நெடுநாள் அப்படியே கிடக்கும். அங்கே குளிர்கால ஆபத்தும் நீடிக்கும். சரிவின் கோணமும் முக்கியம். பாளமாக முறியும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி வரையான சரிவுகளில்தான் கிளம்புகின்றன. சறுக்க விரும்புகிறவர்கள் ஆசைப்படுவதும் அதே கோணத்தைத்தான் என்பதுதான் சங்கடம்.

திரும்பி வந்த ஒரு நாள்

ஒரு மார்ச் மாதக் கடைசியில் நானும் என் மனைவியும் மகளோடு குல்மார்க் போயிருந்தோம். அவளும் நண்பர்கள் மூவரும், உள்ளூர் வழிகாட்டி ஒருவரோடு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நான்கரை மணிக்குக் கிளம்பினார்கள். ஏழு மணிக்குள் திரும்பி வந்துவிட்டார்கள். நள்ளிரவுக்குப் பிறகு மேகம் மூடியதால் பனி உறையவில்லை, பூட்ஸ் புதைகிறது என்று வழிகாட்டி சொல்லிவிட்டாராம். மகளுக்கு முகமே சரியில்லை. லீவு எடுத்து, பணம் கட்டி, ஆறு மாதம் உடம்பைத் தயார் செய்து வந்தவள். பத்து மணிக்கு மேகம் விலகி நல்ல வெயில். "பாருங்கப்பா, இப்ப எல்லாமே நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டாள். அன்று மாலைவரை அந்தச் சரிவில் எதுவும் சரியவில்லை.

அவளிடம் நான் ஒன்றுதான் சொன்னேன். "கோடை மத்தியானத்துல கேங்மேன் பாதையைச் சுத்தி வர்றான். நூறு நாள் போனா தொண்ணூத்தொன்பது நாள் ஒண்ணும் இருக்காது. அதனால அவன் வீணா நடந்தான்னு ஆயிடுமா?" அவள் பதில் சொல்லவில்லை. மறுநாள் இரவு வானம் தெளிந்திருந்தது, போனார்கள், பத்தரை மணிக்குச் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

அட்டவணை செல்லாத நாட்கள்

மணிக்கணக்கு எல்லா நாளும் காப்பாற்றும் என்று எண்ணிவிடக் கூடாது. மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகள் மார்ச், ஏப்ரலிலும் இமயத்தில் புதுப்பனியைக் கொட்டுகின்றன. புதுப்பனி விழுந்தால் மறுபடி ஜனவரிக் கணக்குதான். அது இறுகும்வரை ஒன்றிரண்டு நாட்களாவது பொறுத்திருக்க வேண்டும்.

குளிர்காலப் பனியின் குணத்துக்கு குல்மார்க்கே சாட்சி. 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வாத் மலையில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் உயிரிழந்தார்கள்.

புயலும் அப்படித்தான். 2018 ஏப்ரல் 29 அன்று ஓட் ரூட்டில் 14 பேர் வின்யெட் என்ற மலைவிடுதியை நோக்கிப் போனார்கள். வானிலை கெடும் என்ற அறிவிப்பு முன்பே வந்திருந்தது. புயலில் வழி தெரியாமல், விடுதிக்குச் சில நூறு மீட்டர் தூரத்தில் இரவு முழுவதும் திறந்த வெளியில் சிக்கிக்கொண்டார்கள். ஏழு பேர் இறந்தார்கள். விடுதிகளும், மீட்பு ஹெலிகாப்டர்களும், நல்ல வானிலை அறிவிப்பும் உள்ள நாட்டிலேயே இப்படி. நம் இமயத்தில் அத்தகைய மலைவிடுதி வரிசை கிடையாது. உதவி வந்துசேர நேரமாகும்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

"போகாதே" என்று சொல்லிப் பயனில்லை, சொல்லாமலே போவார்கள். அதைவிடக் கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள். பதில் உடனே வந்தால் பிள்ளை தயாராக இருக்கிறான் என்று ஓரளவு நம்பலாம்.

முதலாவது: எங்கே கற்றுக்கொண்டாய்? மணாலியிலுள்ள அடல் பிஹாரி வாஜ்பாயி மலையேற்ற நிறுவனம் பனிச்சறுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. குல்மார்க்கிலும் மத்திய அரசின் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ரோப்வே சரிவில் தடுமாறாமல் இறங்கத் தெரியாதவர் டூரிங் போகக் கூடாது.

இரண்டாவது: குழுவில் எல்லோரிடமும் மூன்று கருவிகள் உண்டா? 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் டிரான்ஸீவர், குத்திப் பார்க்கும் நீண்ட கம்பி, மண்வெட்டி போன்ற மடக்குச் சட்டுவம். பனியில் புதைந்தவரை முதல் 10, 15 நிமிடங்களுக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைக்கிறார். அரை மணி தாண்டினால் நம்பிக்கை மிகவும் குறைந்துவிடுகிறது. எந்த ஹெலிகாப்டரும் அதற்குள் வராது. கூட வந்தவர்கள்தான் எடுக்க வேண்டும். எடுத்துப் பழகியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

மூன்றாவது: இன்றைய பனிச்சரிவு எச்சரிக்கை என்ன? மணாலியில் 1969-ல் தொடங்கிய பனி ஆய்வு நிறுவனம் 2020-ல் வேறொரு ஆய்வுக்கூடத்தோடு இணைக்கப்பட்டு, இப்போது சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்டு டி.ஜி.ஆர்.ஈ. என்ற பெயரில் எச்சரிக்கைகள் வெளியிடுகிறது. ஐரோப்பாவில் எச்சரிக்கைக்கு ஐந்து நிலைகள். மூன்று என்றால் நடுத்தரம்தானே என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்தாம் நிலையில் யாரும் போவதில்லை. அதிக உயிர்கள் போவது மூன்றாம் நிலையில்தான்.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: எத்தனை மணிக்குத் திரும்புவாய்? உச்சியை எட்டினாலும் எட்டாவிட்டாலும் திரும்ப வேண்டிய மணி ஒன்று இருக்க வேண்டும். அது கிளம்புவதற்கு முன்பே, கீழே இருக்கும் ஒருவரிடம் சொல்லி வைக்கப்பட்டிருக்க வேண்டும். மேலே போன பிறகு முடிவு செய்தால் உச்சியின் ஆசை நம்மை வென்றுவிடும்.

பிள்ளைகள் திரும்பி வந்து "இன்று பாதியிலேயே வந்துவிட்டோம்" என்று போனில் சொன்னால், செலவைப் பற்றியோ வீணான லீவைப் பற்றியோ பேசாதீர்கள். "நல்லது செய்தாய்" என்று சொல்லுங்கள். அடுத்த முறை பாதி மலையில் நின்று யோசிக்கும்போது அந்தச் சொல் அவர்கள் காதில் இருக்கும்.