புதிய இயந்திரம் வரும்வரை காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு

ஸ்ரீ விஜயபுரத்தில் (போர்ட் பிளேர் என்றால்தான் பலருக்கும் இன்னும் பிடிபடுகிறது) உள்ள எமது கிளைக்கு வரும் தச்சர் ஒருவர், நிரப்பிய கடன் விண்ணப்பத்தைச் சில மாதங்களாகக் கொடுக்காமலே வைத்திருந்தார். வட்டி விகிதம் அதற்குக் காரணமன்று. அவர் வாங்க நினைத்தது ஸ்லைடிங் காம்பவுண்டு மைட்டர் சா எனப்படும் மின் அறுவை இயந்திரம். அதன் புதிய மாதிரி விரைவில் வெளிவரும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். “இன்னும் ரெண்டு மாசம் பார்க்கிறேன் சார், வாங்கின மறுவாரமே புதுசு வந்துட்டா மனசு ஆறாது” என்பார். அந்த இரண்டு மாதம் நான்காயிற்று. புதிய மாதிரி கடைக்கு வந்தபாடில்லை.

தொழிற்கருவி வாங்கும் வாடிக்கையாளர் பலரிடமும் இத்தயக்கத்தைக் காண்கிறோம். எனவே இந்த ஓர் இயந்திரத்தை முன்வைத்து அதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

மரச்சட்டத்தைக் குறுக்கே அறுக்கும் இயந்திரம் இது. மேசைப்பகுதி இடவலமாகத் திரும்பும். ஆகவே நிலைச்சட்டத்தின் மூலையிலும் படச்சட்டத்தின் மூலையிலும் வேண்டிய 45 பாகைக் கோணம் ஒரே அறுப்பில் கிடைக்கும். வட்ட வாள் பொருத்திய தலைப்பகுதி சாய்வதால் மரத்தின் கனத்திலும் சாய்வெட்டு இடலாம். இவ்விரண்டையும் ஒருசேரச் செய்ய இயல்வதே ‘காம்பவுண்டு’ என்ற சொல்லின் பொருள். தலைப்பகுதி தண்டுகளின்மீது முன்னும் பின்னும் நகருமாயின் அது ‘ஸ்லைடிங்’ வகை. நகராத 10 அங்குல இயந்திரம் ஏறத்தாழ 5½ அங்குல அகலமுள்ள பலகையை அறுக்கும். நகரும் வகையில் அது 12 அங்குலம் வரை செல்லும். படிக்கட்டுப் பலகை, அலமாரித் தட்டு ஆகியவற்றை அறுப்பவருக்கு இது பெரிய வேறுபாடு. நிலையும் ஜன்னலும் மட்டும் செய்பவருக்கு அவ்வளவு தேவையில்லை.

புதிய மாதிரிகளில் புதுமையாகச் சொல்லப்படுபவை பெரும்பாலும் சில வகைகளுக்குள் அடங்கும். தண்டுகள் பின்புறம் நீளாமல், சுவரை ஒட்டியே இயந்திரத்தை வைக்க இடந்தரும் அமைப்பு அவற்றுள் ஒன்று. லேசர் கோட்டுக்குப் பதிலாக வாளின் நிழலையே மரத்தின்மீது விழச்செய்யும் விளக்கு மற்றொன்று. வாள் மாற்றும்போது இதனைத் திருத்தி அமைக்க வேண்டியதில்லை. கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார், மின்கலத்தால் இயங்கும் வசதி, மெல்லத் தொடங்கும் அமைப்பு ஆகியனவும் உண்டு. இவற்றுள் மெல்லத் தொடங்கும் அமைப்பையே தீவுகளுக்கு மிகவும் பயனுடையதாக நான் கருதுகிறேன். விசையை அழுத்திய கணத்தில் மோட்டார் மிகுதியான மின்னோட்டத்தை இழுப்பதை இது தடுக்கிறது. மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடத்திலும், ஜெனரேட்டரில் வேலை செய்யும் பணியிடத்திலும் இதன் அருமை தெரியும். பழைய மாதிரிகள் பலவற்றிலும் இவ்வமைப்பு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மரத்தின் அருமை

அந்தமானில் துல்லியமான அறுப்புக்குத் தனி மதிப்பு உண்டு. 1883-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சாத்தம் மர அறுவை ஆலையைச் சுற்றுலாப் பயணிகள் பலர் பார்த்திருப்பர்; இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த பள்ளம் இன்றும் அவ்வளாகத்தில் இருக்கிறது. படாக், கர்ஜன், சுக்லம் எனத் தீவு மரங்கள் பெருமளவில் அறுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பின் மரம் வெட்டுதல் மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. காட்டுக்கு அது நன்மை. தச்சருக்கோ, கைக்கு வரும் ஒவ்வொரு சட்டமும் அருமையானதாகிவிட்டது.

செம்மை படர்ந்த படாக் சட்டத்தில் கோணம் ஒரு பாகை பிசகினால் மூலையில் இடைவெளி விழும். அதனை மறைக்கப் பூசும் மெழுகு எத்தனை நாள் நிற்கும் என்பதைத் தச்சரே அறிவர். திரும்ப அறுத்தால் நீளம் குறையும், குறைந்த சட்டம் வேறு வேலைக்குத்தான் ஆகும். ஆகவே இயந்திரத்தால் மிஞ்சும் நேரத்தை மட்டுமன்றி, வீணாகாமல் மிஞ்சும் மரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். என்னிடம் பேசியவர்களில் ஒருவர்கூட இதனைச் சேர்த்துச் சொன்னதில்லை.

காத்திருப்பின் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு. இயந்திரத்தின் விலை 50,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. 9,000 ரூபாய், ஆக 59,000 ரூபாய் எனக் கொள்வோம். 9,000 ரூபாயைத் தாமே செலுத்தி, 50,000 ரூபாயை 24 மாதத் தவணையில் 11 சதவீத வட்டிக்குக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 2,330 ரூபாய். இரண்டாண்டில் செலுத்தும் வட்டி ஏறத்தாழ 5,900 ரூபாய்.

இனி வரவைப் பார்ப்போம். இயந்திரத்தால் நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் மிஞ்சுகிறது. அதன் மதிப்பு 200 ரூபாய். மாதத்தில் 25 நாள் வேலை. மாத ஆதாயம் 5,000 ரூபாய். மூன்று மாதம் காத்திருந்தால் கைவிட்டுப் போவது 15,000 ரூபாய். புதிய மாதிரி வந்தபின் பழையதன் விலை 5,000 ரூபாய் குறையும் என்றே வைத்துக்கொண்டாலும் காத்திருந்தவருக்கு இழப்புத்தான். வணிகவியல் வகுப்பில் இதனை ‘வாய்ப்புச் செலவு’ என்று படித்தோம். பேரேட்டில் இதற்கென ஒரு பக்கம் கிடையாது. அதனால்தான் கண்ணில் படுவதில்லை.

ஆனால் இதே கணக்கு வேறுவிதமாகவும் முடியலாம். மாதத்தில் எட்டு நாள்தான் வேலை என்றால் ஆதாயம் 1,600 ரூபாய். தவணை 2,330 ரூபாய். அவருக்குப் பழைய மாதிரியும் வேண்டாம், புதிய மாதிரியும் வேண்டாம்; வேலை வரும் நாளில் வாடகைக்கு எடுப்பதே போதும். கடன் கொடுக்கும் இடத்தில் அமர்ந்துகொண்டு இதைச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். தவணை தவறிய கணக்கால் வங்கிக்கும் மகிழ்ச்சியில்லை.

காத்திருப்பது சரியாகும் வேளையும் உண்டு. கையிலுள்ள இயந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் அவசரமில்லை. நிறுவனமே வெளியீட்டு நாளை அறிவித்துவிட்டு, கடைகள் பழைய சரக்கைக் குறைந்த விலைக்குத் தள்ளத் தொடங்கினால் சில வாரம் பொறுப்பது நல்லது. அப்போது பழைய மாதிரியையே வாங்குவது பலமுறை நல்ல பேரமாக முடியும். முதல் தொகுதியில் வரும் குறைகளை முதலில் வாங்குபவரே தாங்க வேண்டியிருக்கும். சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து வாழும் நமக்கு, உதிரிபாகம் பழகிப்போன மாதிரியே பாதுகாப்பு. பெல்ட்டும் கார்பன் பிரஷும் உள்ளூரில் கிடைக்குமா, உத்தரவாதக் காலத்தில் பழுதானால் இயந்திரத்தைப் பெருநிலத்துக்கு அனுப்ப வேண்டுமா, அந்தக் கட்டணம் யாருடையது என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுக. வெளிநாட்டிலிருந்து வருவிப்பவர் மின்னழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் விற்கும் இயந்திரங்கள் 120 வோல்ட்டுக்கு ஆனவை. நமது 230 வோல்ட்டில் நேரடியாகப் பொருத்தினால் கருகிவிடும்.

எந்தக் கடன், எந்த வரிசையில்

முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை ‘சிசு’, அதற்குமேல் 5 லட்சம் வரை ‘கிஷோர்’ பிரிவுகளில் பிணையின்றிக் கடன் பெறலாம். 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பி.எம். விஸ்வகர்மா திட்டம் தச்சர் உள்ளிட்ட 18 தொழில்களுக்கு உரியது. அதில் பதிவும் சரிபார்ப்பும் முடிந்து அடிப்படைப் பயிற்சி பெற்றவருக்கு முதல் தவணையாக 1 லட்சம் ரூபாய் வரை 18 மாதத்தில் செலுத்தும் கடன் கிடைக்கும். பயனாளி செலுத்தும் வட்டி 5 சதவீதம்தான். 1 லட்சத்துக்கு மாதம் ஏறத்தாழ 5,780 ரூபாய் செலுத்த வேண்டும். மொத்த வட்டி ஏறத்தாழ 4,000 ரூபாய். கருவிகளுக்காக 15,000 ரூபாய் வரை மின்னணு வவுச்சரும் உண்டு.

இங்கே பலர் தவறும் இடம் ஒன்று உள்ளது. கடந்த ஐந்தாண்டுகளில் முத்ரா போன்ற திட்டத்தில் கடன் பெற்று அதனை முழுமையாக அடைக்காதவர் விஸ்வகர்மா கடனுக்குத் தகுதி பெறார். அவசரத்தில் முதலில் முத்ராக் கடன் வாங்கிவிட்டு, பிறகு 5 சதவீத வட்டியைக் கேட்டு வருந்துவோரைப் பார்க்கிறோம். குடும்பத்தில் ஒருவருக்கே இத்திட்டம் என்பதும், அரசுப் பணியாளரின் குடும்பத்தினருக்கு இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர், தம் எண் குறித்த ரசீது பெற்றால் அந்த 9,000 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாக எடுக்க வழியுண்டு. அத்தொகைக்கும் சேர்த்துத் தேய்மானம் கோரினால் வரவு கிடைக்காது. வருமான வரியில் இயந்திரங்களுக்குப் பொதுவான தேய்மானம் ஆண்டுக்கு 15 சதவீதம். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதிதான். அனுமான அடிப்படையில் வரி செலுத்துவோர் தேய்மானத்தைத் தனியே கோர இயலாது.

இன்னொன்று. ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு தரும் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஒரு கையின் பயன்பாட்டை இழந்தால் 1 லட்சம் ரூபாய் கிடைக்கும். விரல் போனால் கிடைக்காது. அறுவை இயந்திரத்தில் பெரும்பாலும் போவது விரல்தான். சிறு துண்டுகளைக் கையால் பிடிக்காமல் கவ்வியில் இறுக்கி அறுப்பதும், நகரும் வகையில் தலைப்பகுதியை முதலில் முன்னுக்கு இழுத்துத் தாழ்த்திப் பின் உள்நோக்கித் தள்ளி அறுப்பதும் கட்டாயம். மரத்தூளை உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவனவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. தூள் உறிஞ்சிக்கும் முகக்கவசத்துக்கும் ஆகும் தொகையையும் விலைப்புள்ளியிலேயே சேர்த்துக் கேளுங்கள், கடனில் அடங்கும்.

நம் தச்சருடன் அமர்ந்து இக்கணக்கைத் தாளில் போட்டோம். அவருக்கு மாதம் இருபது நாளுக்குக் குறையாமல் வேலை இருக்கிறது. முந்தைய கடன் ஏதுமில்லை. விஸ்வகர்மா பதிவை அந்த வாரமே செய்தார். பயிற்சி முடிந்து கடன் வருவதற்குள் புதிய மாதிரி வந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். வராவிட்டால் கடையில் இருப்பதையே எடுத்துக்கொள்வார். விலைப்புள்ளியில் பயணக் காப்பீட்டையும் கூடுதலாக ஒரு வாளையும் சேர்த்து எழுதி வரும்படி சொல்லியனுப்பியிருக்கிறேன்.