மாட்டுப் படிப்பா என்று சிரிக்குமுன்

உயிரியல் பிரிவில் உயர்தரம் எழுதிய பெண்பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கிறாளா? அப்படியானால் பெறுபேறு வந்த நாளிலிருந்து அங்கே நடக்கும் பேச்சை ஊகிப்பது கடினமல்ல. மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி போதுமா? போதாவிட்டால் அடுத்து என்ன? அந்த வரிசையில் ‘விலங்கு விஞ்ஞானம்’ என்ற பெயரைக் கண்டதும் மாமியோ சாச்சியோ சிரித்துவிடுவார். “ஆடு மாடு பார்க்கவா கெம்பஸுக்குப் போகப் போறா?” அந்தச் சிரிப்போடு பிள்ளை அந்தப் பெயரை வெட்டிவிடுகிறாள்.

சகோதரியே, அவள் வெட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

2021, 2022ஆம் ஆண்டுகளில் பால்மாவுக்காகக் கடை கடையாக அலைந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2023இல் முட்டைகூட இந்தியாவிலிருந்து வந்தது. இவற்றைவிட வேதனையானது 2022 டிசம்பர். மழையோடு வந்த கடுங்குளிர்க் காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்து விழுந்தன. தொற்றுநோயோ என்று அஞ்சி இறைச்சி கொண்டுசெல்வதையும் சில நாட்கள் நிறுத்தினார்கள். பரிசோதித்தபோது தெரிந்த காரணம் குளிர். நாள் முழுக்க நனைந்து, ஒதுங்க இடமின்றி, போதிய தீனியுமின்றி நின்ற பிராணிகள் உடற்சூட்டை இழந்துவிட்டன. கால்நடையையே பிழைப்பாக நம்பியிருந்த எத்தனையோ குடும்பங்களின் முதல் ஓரிரு இரவில் போய்விட்டது.

தீனிக்கும் சூட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். இந்தப் படிப்பின் அடித்தளமே அதுதான். மாட்டின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. அவற்றில் பெரியதான முதலாவது அறையில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள்தான், நம்மால் சமிக்க முடியாத புல்லையும் வைக்கோலையும் நொதிக்கச் செய்து அதற்கு உணவாக்குகின்றன. அந்த நொதித்தலில் பிறக்கும் வெப்பம் குளிர் நாளில் அதற்கு ஒரு போர்வை. வெறும் வயிற்றோடு நிற்கும் மாட்டுக்கு அந்தப் போர்வை இல்லை.

வயலில் அறுவடைக்குப் பின் கொளுத்திவிடும் வைக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் ஒரு வாரத்துக்குமேல் மூடிவைத்தால் அது இளகி, சத்தும் கூடி, கோடையில் நல்ல தீனியாகிவிடும். அளவு தவறினால், அல்லது யூரியாவை அப்படியே மாடு தின்றுவிட்டால், அதுவே நஞ்சு. இரண்டும் ஏன் நிகழ்கின்றன என்பதை உங்கள் மகள் ஆய்வுகூடத்தில் படிப்பாள்.

நம் வீடுகளில் கடும்புப் பால் என்றால் எல்லோருக்கும் ஆசை. ஆனால் அதிலுள்ள நோயெதிர்ப்புப் பொருளைக் கன்றின் குடல் அப்படியே உள்வாங்குவது பிறந்த முதல் நாளில் மட்டுமே. அதிலும் முதல் ஆறு மணித்தியாலங்கள் மிக முக்கியம். கன்று வயிறாரக் குடித்த மிச்சத்தைக் காய்ச்சுங்கள். (இதைச் சொல்ல பட்டம் தேவையா என்றால், சொல்லாமலே எத்தனை கன்றுகள் போய்விட்டன என்று திருப்பிக் கேட்பேன்.)

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்க வேண்டும். மிருக வைத்தியம் வேறு, விலங்கு விஞ்ஞானம் வேறு. மிருக வைத்தியப் பட்டம் பேராதனையில் அதற்கென உள்ள பீடத்தில் மட்டுமே கிடைக்கிறது. வைத்தியராகத் தொழில் செய்ய அது வேண்டும். விலங்கு விஞ்ஞானம் இனவிருத்தி, தீனி, பண்ணை முகாமைத்துவம், பால் இறைச்சி முட்டை பதப்படுத்தல் ஆகியவற்றைச் சேர்ந்தது. அதைப் பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தனிப் பட்டமாகவும், பேராதனை விவசாய பீடத்தில் மீன்வளத்தோடு சேர்த்தும் படிக்கலாம். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயப் பட்டத்தினுள் அதற்கொரு துறை உண்டு. நான்கு ஆண்டுகள், கற்பித்தல் ஆங்கிலத்தில். கற்பித்தலுக்குக் கட்டணமில்லை, தகுதியானவர்களுக்கு மஹாபொல புலமைப்பரிசில் கிடைக்கும்.

வேலை நிச்சயமா? இல்லை. அரச நியமனத்துக்காக மட்டும் படிப்பவர் இதில் ஏமாறக்கூடும். தீனித் தொழிற்சாலை, குஞ்சு பொரிப்பகம், பால் நிறுவனம், விவசாயக் கடன் கொடுக்கும் வங்கி, பாடசாலை என்று வாய்ப்புகள் பரந்திருக்கின்றன. தேடிப் போக வேண்டும்.

நம் ஊர்களில் கோழிக்கும் ஆட்டுக்கும் தீனி வைப்பவர் யார்? பெரும்பாலும் பெண்கள். கருத்தரங்குக்குப் போய் வருபவரோ வீட்டு ஆண். ஆடு ஏன் குட்டியை வீசியது, கோழிகள் ஏன் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருண்டு விழுகின்றன என்று கண்ணால் கண்டவள் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள். வந்த உத்தியோகத்தர் முன்வாசலில் தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுகிறார். படித்த ஒரு பெண் வந்தால் நேரே கொல்லைக்குப் போவாள், கூட்டுக்குள் எட்டிப் பார்ப்பாள், உம்மாவிடமே கேட்பாள். இந்தப் படிப்பில் நம் பெண்பிள்ளைகள் இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

பெற்றோர் தயங்குமிடங்களும் உண்டு. தொழுவத்தில் சேறு, விடியற்காலைப் பால் கறவை, தூரத்து விடுதி, பகிடிவதை. பகிடிவதை 1998ஆம் ஆண்டின் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்; நடந்தால் மகள் அன்றே உங்களிடம் சொல்லும் அளவுக்கு அவளோடு பேச்சை வைத்திருங்கள். பன்றி வளர்ப்பும் பாடத்தில் வரலாம். ஒன்றைப் பற்றி அறிவது அதை உண்பதல்ல. செய்முறையில் அதன் ஈரம் பட்டுவிட்டால் ஷாபிஈ மத்ஹபின்படி ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால் கழுவும் முறை நமக்குத் தெரிந்ததே. கையுறை, நீண்ட மேலங்கி எல்லாம் சுகாதாரத்துக்காகவே அங்கு அணிவிக்கப்படுகின்றன.

விண்ணப்பத்தை நிரப்பும்போது மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை அவள் கையில் கொடுங்கள். முந்திய ஆண்டின் வெட்டுப்புள்ளிகள் மாவட்ட வாரியாக அதில் இருக்கும்; கொழும்பில் போதாத புள்ளி இன்னொரு மாவட்டத்தில் போதுமானதாக இருப்பதுண்டு. எட்டாத கற்கைநெறியை முதலில் எழுதியதால் அடுத்ததற்கான வாய்ப்பு பறிபோவதில்லை. ஆகவே மருத்துவத்தை முதலாவதாக எழுத விரும்பினால் எழுதட்டும், மிருக வைத்தியத்தையும் விலங்கு விஞ்ஞானத்தையும் அதற்கடுத்து எழுதட்டும்.